பனச்சமூடு வரைக்கும் பத்தியம்

என் மாமனார் பொய் சொல்லமாட்டார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, பொய் சொல்லுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து, பொய்யின் மேல் அவருக்கு ஓர் இளக்காரம் வந்துவிட்டது. டிக்கெட் எடுக்காதவன் மாட்டிக்கொள்வது டிக்கெட் இல்லாததால் அல்ல, எடுத்தேன், காற்றில் பறந்துவிட்டது என்று சொல்வதால்தான் என்பார். சொல்லுகிறது முழுக்க உண்மையாக இருக்கவேண்டும், ஆனால் கேட்டதற்குப் பதிலாக இருக்கக்கூடாது. அப்படிப் பேசத் தெரிந்தவனை எந்தப் பரிசோதகராலும் பிடிக்கமுடியாது என்பது அவர் வேலையில் கற்றுக்கொண்டது.

கற்றதை அவர் தனக்காகப் பயன்படுத்தத் தொடங்கியது, நெஞ்சுவலி வந்து நெய்யாற்றங்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்தபிறகுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் வீடு. நான் பிறந்தது காஞ்சிரங்குளத்தில், மீன் வாசனை இல்லாமல் சோறு இறங்காத குடும்பத்தில். என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. விடிந்ததும் போனால் விளக்கு வைத்தபிறகுதான் வருவார். நான் பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மற்றபடி வீட்டில் மாமாவும் மாமியும்தான்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். சின்ன வயதுக்காரர், மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். சிகரெட் கூடவே கூடாது. போத்திறைச்சி என்கிற மாட்டுக்கறி, முட்டையின் மஞ்சள், எண்ணெயில் பொரித்தது எதுவும் வேண்டாம். தேங்காயும் உப்பும் குறையவேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் மறந்துவிடவேண்டும். தினமும் நடக்கவேண்டும். மாமா கைகளைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். இப்போதைக்கு வேண்டாமா, எப்போதுமே வேண்டாமா? எப்போதுமே என்றார் டாக்டர். “எங்கயுமா?” என்று மாமா கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை மாமா மனதில் குறித்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது தெரியாது.

மாமிக்கோ டாக்டர் சொன்னது வேதவாக்கியம். சபையில் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவள். ஒரு காரியத்தைப் பொறுப்பெடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் மூச்சுவிடுவாள். அடுக்களையிலிருந்து ஊறுகாய்ப் பரணி பரண்மேல் போயிற்று. மாமாவுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. காலையில் உப்பில்லாத கஞ்சி, பக்கத்தில் வேகவைத்த பயறு. மாமா அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்குவார். முன்பெல்லாம் இரண்டு வரியில் முடிகிற சாப்பாட்டு ஜெபம் இப்போது உலக சமாதானம், மழை, ரோட்டுப்பணி, அண்டை வீட்டுக்காரர்களின் வழக்கு என்று நீண்டுகொண்டே போகும். கஞ்சி ஆறிப்போகிறது என்று மாமி முணுமுணுத்தால், இந்தக் கஞ்சிக்கு நன்றி சொல்ல மனதை ஒருக்க நேரம் பிடிக்கும் என்பார் கண்ணைத் திறக்காமலே.

அவரைப் பார்க்க வந்த சபைக்காரர்கள் ஆளுக்கொரு பொட்டலம் ஏத்த வாழைக்காய் வற்றலுடன் வந்தார்கள். நெஞ்சுவலிக்காரனுக்குத் தேங்காயெண்ணெயில் வறுத்த வற்றல் கொண்டுவருவதில் யாருக்கும் ஒரு முரணும் தெரியவில்லை. மாமா ஒவ்வொரு பொட்டலத்தையும் மாமியிடம் நீட்டி, எடுத்து உள்ளே வைக்கச் சொல்வார். மாமி முகம் மலர வாங்கி வைப்பாள். அவள் உள்ளே வைத்த இடம் தனக்குத் தெரியாது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

சிகரெட்டை அவர் உண்மையாகவே விட்டுவிட்டார். ஆனால் மாலையில் ஜங்ஷனுக்குப் போனால் சிகரெட் பிடிக்கிறவர்களாகப் பார்த்து, காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்றும் பார்த்து, பக்கத்தில் போய் நின்றுகொள்வார். சட்டையில் புகை வாடை அடிக்கிறதே என்று மாமி கேட்டபோது, அது அவனுடைய சிகரெட், அவனுடைய நெஞ்சு, நான் நின்றது ரோட்டில் என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

காலை நடை அவருக்கு மிகவும் பிடித்துப்போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்து, தலைசீவி, நடக்கப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் சில நாட்களில் மதியத்துக்குத்தான் வருவார். எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று மாமிக்கு ஒரே பெருமை. பெண்கள் ஐக்கியத்தில் இதைச் சாட்சியாகவே சொன்னாள்.

உண்மை எனக்கு ஒரு புதன்கிழமை தெரிந்தது. அன்று டுட்டோரியலுக்குக் காலையிலேயே விடுமுறை விட்டுவிட்டார்கள். மாமாவுக்கு ஆசை வரக்கூடாதென்று மாமி எங்கள் சட்டியிலும் அரை உப்புத்தான் போட்டுக்கொண்டிருந்த காலம். என் நாக்கு செத்துப்போயிருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி பனச்சமூட்டில் ஒரு கடையைப் பற்றி அடிக்கடி சொல்வாள். சந்தைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில் நிற்கிற கடை. பொரோட்டாவும் போத்திறைச்சி வறுவலும் அங்கே தின்னவேண்டும் என்பாள். சரி, பனச்சமூடு சந்தையைப் பார்த்ததாகவும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெண்களும் குடும்பத்தோடு வருகிறவர்களும் உட்கார அந்தக் கடையில் பலகை அடித்துத் தடுத்திருந்தார்கள். நான் பொரோட்டாவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது பலகைக்கு அப்பால் ஒரு ஜெபம் கேட்டது. மிகச் சிறிய ஜெபம். ஆண்டவரே, ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம், ஆமென். அவ்வளவுதான். குரலில் அத்தனை நன்றி. நான் எழுந்து பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மாமா முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“மக்கா, உனக்குப் பாடம் இல்லியா?” என்றார்.

“மாமா நடக்கப் போகல்லியா?”

“பஸ்ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன்.”

பிறகு அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். எனக்கும் வறுவல் வந்தது. சின்ன உள்ளியும் தேங்காய்க் கீற்றும் போட்டு, கறுக்க வறுத்தது. நான் ஒருவழியாக, டாக்டர் கூடாது என்று சொன்னாரே மாமா என்றேன்.

“அவரு நெய்யாற்றங்கரைக்க டாக்டராக்கும்,” என்றார் மாமா, மென்றுகொண்டே. “இது வேற ஸ்டேட்டு. அந்தப் பக்கத்து செக்கரு இந்தப் பக்கத்து பஸ்ஸில ஏறி டிக்கெட்டு கேக்க முடியுமா? எங்கயுமாண்ணு நான் கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லேல்ல. நீயும் கேட்டுட்டுத்தானே இருந்த?”

நான் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தவறு என்று இப்போது சொல்ல மனமில்லை. அப்படிச் சிரிக்காமல் இருக்க யாராலும் முடிந்திருக்காது. வீட்டில் யாராவது கேட்டால் பொய் சொல்லக்கூடாது, கேட்காததைச் சொல்லவும் கூடாது என்று எனக்கு அங்கேயே அவர் பயிற்சி கொடுத்தார். அன்று இரவு நான் சோற்றை அளைந்துகொண்டிருந்ததை மாமி கவனித்து, பிள்ளைக்கு என்ன, சாப்பாடு இறங்கவில்லையே என்று கேட்டாள். மாமா முந்திக்கொண்டு, வயிறு நிறைந்திருக்கும் என்றார். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு, மறுநாளே என் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அதை மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமா ஒரு வார்த்தை உதவவில்லை. அவரை யாரும் கேட்கவில்லையாம்.

ஆனால் அந்த விளையாட்டு எனக்குச் சீக்கிரம் கசந்தது. பிறகொரு நாள் டுட்டோரியல் விட்டு நான் பஸ்ஸில் திரும்பி இறங்கியபோது, மாமா பனச்சமூட்டிலிருந்து வந்து இறங்கி எனக்கு முன்னால் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். ஏற்றத்தில் பாதி போனதும் நின்றார். ஒரு மதிலில் ஒட்டியிருந்த போஸ்டரை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் நடந்து மறுபடியும் நின்று, அடுத்த மதிலில் அதே போஸ்டரைப் பார்த்தார். வலது கை சட்டைப்பையில் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றபோது நெற்றியெல்லாம் வேர்வை. போஸ்டர் நல்ல போஸ்டர் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் அவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பனச்சமூட்டுக்குப் போனீர்களா என்று கேட்டால், இன்றைக்கு அந்த பஸ்ஸே வரவில்லை என்பார். எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிற களியக்காவிளைக்குப் போயிருப்பார். ஆகவே, இந்த வாரம் எந்த ஸ்டேட்டிலாவது, எந்தக் கடையிலாவது, பொரித்ததோ வறுத்ததோ வாயில் போட்டீர்களா என்று ஓட்டை இல்லாமல் கேட்கப் பழகினேன். அப்படிக் கேட்டால் அவருக்கு வேறு வழியில்லை. ஒத்துக்கொள்வார். கூடவே, என் மருமகள் நல்ல செக்கராக வந்திருப்பாள் என்று மகிழ்ச்சியாகவும் சொல்வார். இதனால் பயணங்கள் குறைந்தன. நிற்கவில்லை.

நாங்கள் எல்லோரும் மாமாவின் நெஞ்சையே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் இன்னொரு நெஞ்சும் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மாமிக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. மாமாவுக்கு முட்டையில் வெள்ளை மட்டும்தான். மஞ்சளை எறிய மனம் வராது, அவளே தின்பாள். சாளை மீன் பொரித்தால், இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தானாக மாமாவுக்கும் சேர்த்துப் பொரித்துவிடும். பிறகு நினைவு வந்து, அடுப்படியில் நின்றபடியே அதையும் அவள் தின்றுவிடுவாள். தேங்காயின் முதல் பால் மாமாவின் குழம்புக்குக் கூடாது, அது அவளுடைய குழம்புக்குப் போகும். சபைக்காரர்கள் கொண்டுவந்த வற்றலிலும் பெரும்பங்கு அவளுக்குத்தான் போயிருக்கவேண்டும். ராத்திரியில் மாமா மூச்சு விடுகிறாரா என்று பார்க்க எழுந்து எழுந்து உட்காருவாள். அவளுக்குச் சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று யாரும் பார்த்ததில்லை. நடக்கக்கூடாதா மாமி என்று ஒருமுறை கேட்டேன். அடுக்களைக்கும் கிணற்றுக்கும் நடப்பது போதாதா என்றாள்.

சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் காலை. சபைக்குப் பணம் சேர்க்கிற ஏலத்துக்குக் கொடுக்க அப்பம் சுடவேண்டும் என்று மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் அப்பச்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாமா தலைசீவி, தேய்த்த சட்டையுடன் நடக்கப் புறப்பட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். மாமி துருவுவதை நிறுத்திவிட்டு இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னவென்று அவர் கேட்டார்.

“இந்தத் தேங்கா முத்தலு,” என்றாள் மாமி.

மாமா வெளியே போகவில்லை. நோவு உண்டா என்று கேட்டார். இஞ்சி தட்டிப்போட்டு ஒரு வாய் வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்றாள். எந்த இடத்தில் என்று கேட்டார். பண்டிகை நாளைக்கு, இன்னும் ஒரு வேலையும் முடியவில்லை என்றாள். எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. வழக்கமான மாமிதான். ஆனால் மாமாவின் முகம் மாறிவிட்டது. டிக்கெட் எடுக்காதவனை மூன்றாவது சீட்டிலேயே கண்டுகொண்ட முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் குனிந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். கை ஈரமாயிற்று.

“எடீ, நான் கேட்டதுக்கு நீ ஒண்ணுக்கும் பதில் சொல்லேல்ல,” என்றார். “எங்க நோவுது? சொல்லு.”

மாமி அவரைப் பார்த்தாள். சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் சின்னப் பிள்ளை மாதிரி, தாடையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தோள். பிறகு முதுகு. நேற்று ராத்திரியிலிருந்தே என்றாள்.

மாமா அவளை எழுந்திருக்கவிடவில்லை. என்னை ஜங்ஷனுக்கு ஓடி வாடகை ஜீப் பிடித்துவரச் சொன்னார். வாயுவாகத்தான் இருக்கும், ஊர் சிரிக்கும் என்று ஜீப்பில் ஏறும்வரை மாமி சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேனா என்று ஜீப்புக்குள்ளிருந்து கேட்டாள். மாமா அவள் கையை விடவேயில்லை. அவர்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அட்டாக்தான். தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். அதே சின்ன வயது டாக்டர் வந்து பார்த்தார். அவளுக்குச் சுகரும் பிரஷரும் இருந்ததை அன்றைக்குத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். வீட்டில் என்ன சாப்பிடுவாள் என்று டாக்டர் கேட்டார். முட்டை மஞ்சள், பொரித்த மீன், தேங்காய்ப்பால் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். உங்கள் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் இதயம் உண்டு என்று நினைத்திருந்தீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மாமா சுவரைப் பார்த்து நின்றார்.

மாமி வீடு திரும்பியபிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் சிரிப்பு. உப்பில்லாத கஞ்சியை முதல்முறையாக அவள் முன்னால் வைத்தோம். ஒரு வாய் குடித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். இதை மனுஷன் குடிப்பானா என்று கேட்டாள். இத்தனை மாதமாக நான் குடித்தேனே என்றார் மாமா. மாமி கஞ்சியை மறுபடி பார்த்துவிட்டு, அதனால்தான் அவ்வளவு நீளமாக ஜெபித்தீர்களா என்றாள்.

பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அடுத்த வாரமே பிடிபட்டாள். அரிசிப் பானைக்குப் பின்னால் மாங்காய் ஊறுகாய். மாமா அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் பொய்தான் சொன்னாள், எறும்பு ஏறாமலிருக்க அங்கே வைத்தது என்று. அவருக்குப் பொய் சொல்லுகிறவர்கள்மேல் உள்ள பழைய இளக்காரம் அன்று வரவில்லை. தனிச் சட்டியைத் தூக்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இனி இந்த வீட்டில் ஒரே சட்டிதான் என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குள் போனார்.

அவருடைய முதல் சமையலை நாய்கூடத் தின்னவில்லை. ஆனால் விடாமல் செய்தார். கொடம்புளியை எவ்வளவு நேரம் ஊறவைத்தால் உப்பு இல்லாதது தெரியாது, நல்லமிளகை எப்போது பொடித்துத் தூவவேண்டும், சாளையை இலையில் பொதிந்து எண்ணெய் இல்லாமல் எப்படிச் சுடலாம் என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். மாமி தின்பதை அவரும் தின்றார். அவர் தின்னாததை அவள் தின்னவில்லை. அப்படியே வீடு முழுக்க அந்தச் சாப்பாட்டுக்கு மாறியது. பனச்சமூட்டுக் கடைக்காரர், சாரைக் காணவில்லையே என்று ஒரு கண்டக்டர் மூலம் விசாரித்து அனுப்பினார். உடம்புக்குச் சுகமில்லாத வீட்டுக்காரி இருக்கிறாள், வரமுடியாது என்று மாமா பதில் அனுப்பினார். அது நேரான பதில். இப்போது நினைத்தால் அதுவே எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. மடக்கிக் கேட்காமல் அவரிடமிருந்து அப்படி ஒரு பதில் வந்து நான் கேட்டதில்லை.

நடைக்கு மாமியைக் கூட்டிப்போவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு காரியமும் இல்லாமல் ரோட்டில் நடக்கத் தனக்கென்ன பைத்தியமா என்றாள். ஆகவே ஒரு காலிப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள், சந்தைக்குப் போவதாக ஊர் நினைக்கட்டும் என்று. சேலைக்குக் கீழே என் கணவரின் பழைய கான்வாஸ் ஷூ. முன்னால் மாமா, பத்தடி பின்னால் பையுடன் மாமி. அவர் நின்று காத்திருப்பார். அவள் பக்கத்தில் வந்ததும் மறுபடி நடப்பார்.

மாமா அதற்குப்பிறகும் பல வருஷம் இருந்தார், மாமி இன்னும் அதிக வருஷம். அவரை நினைக்கும்போது எனக்கு அந்த வருஷத்து மழைக்காலம் முடிந்த ஒரு காலைதான் முதலில் வருகிறது. நான் பஸ்ஸுக்காக ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்தேன். ரோட்டின் வளைவில் மாமி வந்தாள். கையில் பை இல்லை. மெலிந்திருந்தாள். கையை வீசி, யாரையும் பார்க்காமல், வேகவேகமாக வந்தாள். வெகுதூரம் பின்னால் மாமா, மூச்சிரைக்க. டீக்கடையில் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. எண்ணெயில் விழுகிற சத்தம் எனக்கே கேட்டது. மாமா டீக்கடைக்கு நேராக வந்ததும் நடை தானாகவே மெதுவாயிற்று. செருப்பின் வாரைச் சரிசெய்கிறவர்போல லேசாகக் குனிந்தார்.

மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“செருப்புக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள். “நடங்க.”